பழுதா, பருவமா? கூரை சொல்லும் கணக்கு

தீபாவளி முடிந்து சில வாரங்கள் ஆகின்றன. கிள்ளானில் ஒரு வரிசை வீடு. நவம்பர் மாத மின்கட்டண ரசீதைப் பார்த்த அப்பாவின் முகம் மாறுகிறது.

"இவ்வளவு பணம் போட்டுக் கூரையில சோலார் வச்சோம். கட்டணம் ஏறியிருக்கே! தகடு பழுதாயிடுச்சு போலிருக்கு. நாளைக்கே ஆளைக் கூப்பிடணும்."

படிவம் 3 படிக்கும் மகள் ரசீதை வாங்கிப் பார்க்கிறாள். "அப்பா, பழுதுன்னு எப்படித் தெரியும்? மழையா இருந்ததால குறைஞ்சிருக்கலாமே?"

மாணவர்களே, இந்தக் குடும்பம் நம் கற்பனை. ஆனால் கேள்வி உண்மையானது. சூரியசக்தித் தகடு வைத்த பல வீடுகளில் இது எழுகிறது. உற்பத்தி குறைந்தால் அது பழுதா, பருவமா? தகட்டை எத்தனை முறை அண்ணாந்து பார்த்தாலும் விடை தெரியாது. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருந்தால் தெரிந்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

ரசீது சொல்லாத கதை

முதலில் ஒரு தவற்றைத் திருத்திக்கொள்வோம். மின்கட்டண ரசீதை வைத்துத் தகட்டின் உற்பத்தியைக் கணிக்க முடியாது. பகலில் தகடு தயாரிக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியைக் குளிர்பதனப்பெட்டியும் மின்விசிறியும் அப்போதே பயன்படுத்திவிடுகின்றன. அந்த மின்சாரம் மின்வாரிய மீட்டரைத் தொடுவதே இல்லை. மீதமானது மட்டும்தான் வெளியே போகிறது. இரவில் தேவைப்படுவது வெளியிலிருந்து வருகிறது. ரசீதில் இருப்பது இந்த வரவு செலவு மட்டுமே.

தீபாவளிக்கு வீடு நிறைய உறவினர்கள், இரவெல்லாம் குளிரூட்டி, இரண்டு நாள் ஓயாத அவன் அடுப்பு. தகடு எப்போதும்போல உழைத்திருந்தாலும் கட்டணம் ஏறியிருக்கும். தகட்டின் உழைப்பைத் தனியாக அறிய வேண்டுமானால் இன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும். தகடு தரும் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கு உகந்த மாறுமின்னோட்டமாக மாற்றும் பெட்டி அது. ஒவ்வொரு நாளும் எத்தனை யூனிட் தயாரானது என்பதை அதன் திரையோ கைப்பேசிச் செயலியோ காட்டும்.

ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. குழாயில் தண்ணீர் வரும் வேகத்தைக் கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், வாளியில் சேர்ந்த தண்ணீர்தான் கிலோவாட் மணி.

நம் கற்பனை வீட்டில் 400 வாட் தகடுகள் 10 உள்ளன. மொத்தம் 4 கிலோவாட். ஆனால் அந்த 4 கிலோவாட் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழ வேண்டும். தகட்டின் உள்ளிருக்கும் மின்கலம் 25 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். நம் கூரையில் அப்படி நாள் முழுதும் இருப்பதில்லை. காலையிலும் மாலையிலும் வரும் மெல்லிய ஒளியையும் சேர்த்துச் சுருக்கினால், நம் நாட்டில் ஒரு நாளின் வெயில் ஏறக்குறைய நாலரை மணி நேர முழு வெயிலுக்குச் சமம். 4 கிலோவாட்டை 4.5 மணியால் பெருக்கினால் 18 யூனிட். வெப்பம், தூசு, கம்பி, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து கால் பங்கு வரை விழுங்கிவிடும். மீதி 13 அல்லது 14 யூனிட். இது ஆண்டு முழுவதற்குமான சராசரி. ஒவ்வொரு மாதமும் இதைச் சுற்றி ஏறி இறங்கும்.

நமக்கு ஏது பருவம்?

"நம் நாட்டில் கோடையும் இல்லை, பனிக்காலமும் இல்லை. பிறகு ஏன் ஏறி இறங்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

இலண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம் நீள்கிறது. டிசம்பரில் அது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே ஒரு வீட்டுத் தகடு கோடை மாதத்தில் தருவது, டிசம்பரில் தருவதைப் போல நான்கைந்து மடங்கு. கோலாலம்பூரிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடைவெளி 20 நிமிடத்துக்குச் சற்று மேல். சிங்கப்பூரில் அது 10 நிமிடம்கூட இல்லை. ஆக, பகலின் நீளம் நம் கணக்கில் காரணமே அல்ல.

சூரியன் நிற்கும் இடம் மாறுகிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும் உச்சிவேளைச் சூரியன் ஏறத்தாழ நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஜூனில் 20 பாகை வடக்கே சாயும். டிசம்பரில் 26 பாகைக்குச் சற்று மேல் தெற்கே சாயும். ஆகவே தெற்கு நோக்கிச் சரிந்த கூரைக்கு டிசம்பர் வெயில் நேராக விழும். வடக்கு நோக்கிச் சரிந்த கூரைக்கு ஜூன் வெயில் நேராக விழும். அடுத்தடுத்த தெருக்களில் இருக்கும் இரண்டு வீடுகளின் கணக்கு ஒன்றாக இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. பூமி சூரியனைச் சரியான வட்டத்தில் சுற்றுவதில்லை. ஜனவரி தொடக்கத்தில் நமக்கும் சூரியனுக்கும் இடையே 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீட்டர். இதனால் ஜனவரியில் பூமிக்கு வரும் சூரிய ஒளி ஜூலையைவிட ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதல்.

அப்படியானால் தெற்கு நோக்கிய கூரைக்கு டிசம்பரும் ஜனவரியும்தானே பொற்காலமாக இருக்க வேண்டும்? வானம் தெளிவாக இருந்தால் அப்படித்தான். நம் வானம் பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை. நம் பருவத்தைத் தீர்மானிப்பதில் சூரியனைவிட மேகத்துக்குப் பங்கு அதிகம்.

ஒரே அகலக்கோடு, இரண்டு வானம்

இதை நிரூபிக்க நம் தீபகற்பமே ஓர் ஆய்வுக்கூடம். வரைபடத்தில் அலோர்ஸ்டாரையும் கோத்தா பாருவையும் பாருங்கள். ஒன்று மேற்குக் கரையில், மற்றொன்று கிழக்குக் கரையில். இரண்டுமே வடக்கே 6.1 பாகை அகலக்கோட்டில் உள்ளன. இரண்டு ஊர்களுக்கும் பகலின் நீளம் ஒன்றே; சூரியன் நிற்கும் உயரமும் ஒன்றே.

ஆனால் டிசம்பரில் என்ன நடக்கிறது? தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் வடகிழக்குப் பருவக்காற்று முதலில் கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளில்தான் மோதுகிறது. கோத்தா பாருவில் வானம் நாள் கணக்கில் மூடிக் கிடக்கும், வெள்ளமும் வரும். தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி அலோர்ஸ்டாருக்கு வரும்போது அந்தக் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. கெடாவுக்கு அது வறண்ட காலத்தின் தொடக்கம். இரண்டு ஊர்களிலும் ஒரே மாதிரித் தகடுகளை வைத்தால் டிசம்பர் கணக்கு ஒன்றாக இருக்காது. சூரியன் ஒன்றுதான், இடையில் நிற்கும் மேகம் வேறு.

கிள்ளான் பள்ளத்தாக்கின் கதை இன்னும் வேறு. இங்கே அதிக மழை பருவமாற்றக் காலங்களில் வருகிறது. ஏப்ரலை ஒட்டி ஒன்று, அக்டோபர், நவம்பரை ஒட்டி மற்றொன்று. காலையில் நல்ல வெயில். பிற்பகலில் இடியுடன் கூடிய மழை. சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரம் 12 காட்டும்போது அல்ல என்பதை நினைவில் வையுங்கள். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. இப்போது கோலாலம்பூரில் உச்சிவேளை பெரும்பாலும் 1 மணிக்கும் 1.30 மணிக்கும் இடையில் வருகிறது. 2 மணிக்கே மேகம் திரண்டால், நாளின் இரண்டாவது பாதி ஏறக்குறைய முழுதாகக் கையைவிட்டுப் போகிறது.

வெப்பமும் புகையும்

வெயில் சுட்டெரித்தால் தகடு குதூகலிக்கும் என்று நினைக்காதீர்கள். தகட்டுக்கு ஒளி வேண்டும், வெப்பம் வேண்டாம். 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் ஏறக்குறைய 0.35 விழுக்காடு குறைகிறது. உச்சிவெயிலில் மின்கலத்தின் வெப்பநிலை 60 பாகையை எட்டும். 35 பாகை அதிகம். ஆக 12 விழுக்காடு இழப்பு. மழை பெய்து தகட்டைக் குளிர்வித்த பிறகு, மேகம் விலகிச் சட்டென வெயில் அடிக்கும்போது இன்வெர்ட்டரின் எண் எகிறிக் குதிப்பதைப் பார்க்கலாம். குளிர்ந்த தகடு ஒரு காரணம். மேகத்தின் ஓரங்களில் பட்டுச் சிதறும் ஒளி நேரடி வெயிலுடன் சேர்ந்து விழுவது மற்றொரு காரணம்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வேறொரு விருந்தாளி வரக்கூடும். அதுதான் புகைமூட்டம். 2015இலும் 2019இலும் பள்ளிகளை மூடும் அளவுக்கு அது அடர்ந்தது. மூச்சை அடைக்கும் அந்த நுண்துகள்கள் ஒளியையும் சிதறடித்து உறிஞ்சிக்கொள்கின்றன. மழையே இல்லாத நாளிலும் உற்பத்தி குறைந்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள்.

தினம் ஒரு வரி

இத்தனை காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது பழுதை எப்படிப் பிரித்தறிவது? நம் கற்பனை வீட்டு மகள் செய்ததைப் பாருங்கள். ஜனவரியில் தகடு பொருத்திய நாள் முதல், தினமும் இரவு உணவுக்குப் பின் ஒரு வரி எழுதிவந்தாள். தேதி, அன்றைய யூனிட், வானத்தின் நிலை. வானத்துக்கு நான்கே சொற்கள்: தெளிவு, மேகம், மழை, புகை. அரை நிமிட வேலை.

மாத முடிவில் மூன்று எண்களைக் கணக்கிட்டாள். முதலாவது, மாத மொத்தம். இரண்டாவது, நாள் சராசரி. பிப்ரவரிக்கு 28 நாள், மார்ச்சுக்கு 31 நாள் என்பதால் மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். மூன்றாவதுதான் முக்கியம்: அந்த மாதத்தின் மிகச் சிறந்த நாளில் கிடைத்த யூனிட்.

ஏன் சிறந்த நாள்? மாத மொத்தத்தை மேகம் குறைக்கும், பழுதும் குறைக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரியாது. ஆனால் மழைமாதத்திலும் பெரும்பாலும் ஒரு நாளாவது வானம் தெளியும். அந்த ஒரு நாளில் மேகம் குறுக்கே இல்லை. தகட்டின் உண்மையான உடல்நிலையை அன்றுதான் பார்க்க முடியும். மொத்தம் குறைந்து, சிறந்த நாள் குறையாமல் இருந்தால் காரணம் வானம். சிறந்த நாளும் சேர்ந்து குறைந்திருந்தால் கூரையைச் சந்தேகிக்கலாம்.

அவளுடைய நோட்டில் மார்ச் மொத்தம் 450 யூனிட், சிறந்த நாள் 19.2. நவம்பர் மொத்தம் 345 யூனிட், சிறந்த நாள் 18.1. (எண்களும் கற்பனைதான், ஆனால் 4 கிலோவாட் அமைப்பு தரக்கூடிய அளவுக்குள் இருப்பவை.) மொத்தம் கால் பங்குக்கு அருகே சரிந்திருக்கிறது. சிறந்த நாளோ 6 விழுக்காடுதான் குறைந்திருக்கிறது. மார்ச்சில் தலைக்கு மேல் நின்ற சூரியன் நவம்பரில் தெற்கே சாய்ந்துவிட்டது. அந்தச் சிறிய குறைவுக்கு அதுவே போதுமான காரணம். 'மழை' என்று எழுதிய நாள்கள் மார்ச்சைவிட நவம்பரில் பல மடங்கு.

"அப்பா, தகடு நல்லாத்தான் இருக்கு. ஆளைக் கூப்பிட வேணாம்" என்றாள். பரிசோதனைக்குச் செலவாக இருந்த பணம் மிச்சமானது.

இரண்டாவது நவம்பர்

அடுத்த ஆண்டு. மீண்டும் நவம்பர். மொத்தம் 310 யூனிட்தான். இம்முறை அப்பா பதறவில்லை. "போன வருசம் மாதிரிதான். மழைக்காலம் இல்லையா, டிசம்பர் தாண்டினா சரியாயிடும்."

மகள் நோட்டைப் புரட்டினாள். நவம்பரை மார்ச்சோடு ஒப்பிட வேண்டியதில்லை. இப்போது அவளிடம் போன ஆண்டு நவம்பரே இருக்கிறது. ஒரே மாதத்தோடு ஒரே மாதத்தை ஒப்பிட்டால் சூரியனின் உயரம், பகலின் நீளம், பூமியின் தொலைவு எல்லாம் சமமாகிவிடும். போன நவம்பரின் சிறந்த நாள் 18.1. இந்த நவம்பரின் சிறந்த நாள் 16.3. பத்து விழுக்காடு குறைவு. அன்று வானம் 'தெளிவு' என்று அவளே எழுதியிருக்கிறாள்.

தகட்டுக்கு வயதாகிவிட்டதா? சிலிக்கான் தகடுகள் ஆண்டுக்கு ஏறக்குறைய அரை விழுக்காடுதான் தேய்கின்றன. ஓர் ஆண்டில் பத்து விழுக்காடு என்பது தேய்மானம் அல்ல.

அவள் செயலியைத் திறந்து அந்தத் தெளிந்த நாளின் வளைகோட்டைப் பார்த்தாள். பழுதற்ற அமைப்பில், தெளிந்த நாளின் கோடு கவிழ்த்த கிண்ணம்போல் வழவழப்பாக ஏறி இறங்கும். மேகம் வந்து போனால் கோடு இரம்பப் பல்லாகும். ஆனால் பற்கள் நாளுக்கு நாள் இடம் மாறும். ஒவ்வொரு தெளிந்த நாளிலும் ஒரே நேரத்தில் பள்ளம் விழுந்தால் அது நிழல். முழுக் கோடும் சீராகத் தாழ்ந்தால் தூசோ பாசியோ படிந்திருக்கலாம். கோடு பாதியாக நின்றால் தகட்டு வரிசைகளில் ஒன்று துண்டிக்கப்பட்டிருக்கலாம். நல்ல வெயிலில் சுழியம் என்றால் இன்வெர்ட்டர் நின்றுவிட்டது.

அவள் கண்ட கோட்டில் காலை 9 மணி முதல் 11.30 வரை ஒரு பள்ளம். எல்லாத் தெளிந்த நாள்களிலும் அதே இடத்தில். மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் நின்று கூரையைப் பார்த்தாள். தென்கிழக்கு மூலையில் இருக்கும் மாமரம் இரண்டே ஆண்டில் நன்றாக வளர்ந்துவிட்டது. அதன் நிழல் நான்கு தகடுகளின் மீது.

அப்படியானால் ஜூனில் ஏன் தெரியவில்லை? ஜூனில் சூரியன் வடகிழக்கிலிருந்து ஏறுகிறது. மரத்தின் நிழல் கூரைப் பக்கம் வருவதில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை தென்கிழக்கிலிருந்து ஏறும்போதுதான் நிழல் விழுகிறது. பருவம் என்று அப்பா சொன்னதில் ஒரு சிறு உண்மை இருந்தது. பருவம்தான் நிழலைக் கூட்டிவந்தது. ஆனால் காத்திருந்து தீரும் சிக்கல் அல்ல அது; மரம் வளர வளர ஒவ்வொரு நவம்பரும் மோசமாகும்.

தகடுகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் நிழலின் பாதிப்பு பெரிது. வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றும்போது ஒருவர் தளர்ந்தால் எல்லாருக்கும் வேகம் குறையும் அல்லவா? அதைத் தவிர்க்கத் தகடுகளுக்குள் மாற்றுவழி டையோடுகள் உள்ளன. நிழலில் இருக்கும் பகுதியைச் சுற்றி மின்னோட்டம் கடந்துபோக அவை வழிவிடும். மற்றத் தகடுகள் தப்பிக்கும். நிழல்பட்ட பகுதியின் பங்கு மட்டும் இல்லாமல் போகும்.

கிளைகளை வெட்டியாயிற்று. கோட்டில் இருந்த பள்ளம் மறைந்தது. நோட்டு இல்லாதிருந்தால் முதல் நவம்பரில் இல்லாத பழுதுக்குப் பணம் போயிருக்கும். இரண்டாவது நவம்பரில் இருந்த சிக்கல் மழையின் பெயரில் ஒளிந்துகொண்டிருக்கும். இந்த இரண்டாவது தவறுதான் கூடுதல் ஆபத்தானது. எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்ல ஒரு மழை எப்போதும் தயாராக இருக்கிறதே!

ஓர் எச்சரிக்கை: கூரைமேல் ஏறாதீர்கள். வெயில் படும்வரை தகடுகளில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். தொடரில் இணைந்த தகடுகளின் மின்னழுத்தம் சில நூறு வோல்ட்டைத் தொடும். இன்வெர்ட்டரை அணைத்தாலும் அது போகாது. சுத்தம் செய்வதையும் சோதிப்பதையும் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். உங்கள் வேலை எண்களைப் பார்ப்பது.

வீட்டில் சோலார் இல்லையா?

கவலை வேண்டாம். பருவத்தை அளக்க ஒரு குச்சி போதும். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நட்டுங்கள். பிற்பகல் 1 மணி முதல் 1.30 வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிழலின் நீளத்தை அளந்து, மிகக் குறுகியதைக் குறித்துக்கொள்ளுங்கள். சூரியனை நேரடியாகப் பார்க்காதீர்கள்.

கோலாலம்பூரில் டிசம்பர் 21ஐ ஒட்டி நிழல் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீண்டு வடக்கே விழும். மார்ச் கடைசி வாரத்தில் ஏறத்தாழ மறைந்தேபோகும். ஜூன் 21ஐ ஒட்டி 37 சென்டிமீட்டர் அளவில் தெற்கே திரும்பும். நிழலின் நீளத்தைக் குச்சியின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது சூரியன் சாய்ந்த கோணத்தின் டேன்ஜன்ட். கணிதப் பாடத்தில் படித்த அதே டேன்ஜன்ட்தான்.

சோலார் வைத்த வீட்டுப் பிள்ளைகள் இன்றிரவே முதல் வரியை எழுதிவிடுங்கள். தேதி, யூனிட், வானம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஓர் ஆண்டு கழித்து அதே மாதம் வரும்போது, ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையில் உங்கள் வீட்டுக் கூரையின் சொந்தக் கணக்கு இருக்கும்.